அமெரிக்கா ஹெல்த் இன்சூரன்ஸ், ஒபாமாகேர், ஆஸ்பத்திரி பில்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

புதுசா வேலைக்கு வந்தவங்க, ரொம்ப வருஷமா இங்கயே இருந்தும் பில்ல பாத்தா தலை சுத்துறவங்க, ஊர்ல நியூஸ் பாத்துட்டு போன் பண்ற சித்தப்பா பெரியப்பானு எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விய தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா டைப் பண்ணி பண்ணி கை வலிக்குது, அதான் ஒரே எடத்துல போட்டுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் இதுல கோவம் வரும், பரவால்ல. இந்த நாட்டுல சண்ட எல்லாம் "பில்ல யார் கட்டுறது"ங்கறதுல தான் நடக்குது, "பில்லு ஏன் இவ்ளோ"ங்கறதுக்கு பாதி சண்ட கூட இல்ல, இது என் அபிப்ராயம்.

அமெரிக்கால கவர்மென்ட் ஃப்ரீயா வைத்தியம் பாக்குதா இல்லயா, ஒரே வரில சொல்லுங்க

ஒரே வரில: சிலருக்கு பாக்குது, எல்லாருக்கும் இல்ல. 65 வயசு தாண்டினவங்களுக்கு மெடிகேர், வருமானம் கம்மியா இருக்கவங்களுக்கு மெடிகெய்டு, ராணுவத்துல இருந்தவங்களுக்கு தனி ஆஸ்பத்திரிங்க. மெடிகேரும் மெடிகெய்டும் 1965ல ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்து போட்டு வந்தது. ஜனத்தொகைல ஏறக்குறைய பாதி பேருக்கு கம்பெனி மூலமா பிரைவேட் இன்சூரன்ஸ். கம்பெனியும் இல்ல கவர்மென்ட்டும் இல்லனா சொந்தமா வாங்கணும், ஒபாமாகேர்ங்கறது பெரும்பாலும் இந்த எடத்துல தான் வருது. இதெல்லாம் போக 2023ல சுமார் 2.6 கோடி பேருக்கு எதுவுமே இல்ல.

மெடிகேர் கூட முழுசா ஃப்ரீ இல்ல, டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு மாசா மாசம் பிரீமியம் கட்டணும்.

வேல போனா இன்சூரன்ஸும் போகுதே, இப்படி ஒரு சிஸ்டத்த எவன் கண்டுபிடிச்சான்?

யாரும் உக்காந்து பிளான் போட்டு பண்ணல. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல, 1942ல, விலைவாசி ஏறிடக்கூடாதுனு சம்பளத்த ஏத்தவிடாம கட்டுப்பாடு போட்டாங்க, ஆனா ஆள் தட்டுப்பாடு, கம்பெனிங்க ஆள இழுக்க சம்பளத்துக்கு பதிலா மெடிக்கல் இன்சூரன்ஸ் தரேன்னு ஆரம்பிச்சுது, அதுக்கு கட்டுப்பாடு கெடையாது. அப்புறம் 1954 வரிச்சட்டத்துல கம்பெனி கட்டுற பிரீமியத்துக்கு வரி இல்லனு தெளிவா எழுதிட்டாங்க. அவ்ளோ தான், வேர் விட்டுடுச்சு. நடுவுல 1945ல ஜனாதிபதி ட்ரூமன் எல்லாருக்கும் தேசிய இன்சூரன்ஸ் கொண்டு வரணும்னு கேட்டாரு, டாக்டர்கள் சங்கம் "இது சோஷலிசம்"னு சொல்லி பெரிய எதிர்ப்பு கெளப்பி நடக்கவிடாம பண்ணிட்டாங்க. அந்த வார்த்த இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு.

கம்பெனி தானே கட்டுது, நமக்கென்ன?

2024ல ஒரு குடும்பத்துக்கு கம்பெனி இன்சூரன்ஸ் சராசரியா வருஷத்துக்கு 25,572 டாலர், அதுல தொழிலாளி சம்பளத்துல புடிச்சது 6,296 டாலர். மிச்சம் 19,000 சொச்சத்த கம்பெனி "தருது"னு நெனைக்கிறோம். பொருளாதாரக்காரங்க பெரும்பாலும் ஒத்துக்கற விஷயம் என்னனா அதுவும் உங்க சம்பளமா வந்திருக்க வேண்டிய காசு தான். கண்ணுல படல, அதனால கோவம் வரல.

மாசா மாசம் பிரீமியம் கட்டுறேன், அப்புறமும் வீட்டுக்கு பில்லு வருது, டிடக்டிபிள்ங்கறான் கோஇன்ஷூரன்ஸ்ங்கறான், என்ன தான் சொல்றான்?

ஒரு கணக்கு போட்டு பாப்போம். உங்க பிளான்ல டிடக்டிபிள் 2,000 டாலர், கோஇன்ஷூரன்ஸ் 20 சதவீதம், வருஷ உச்சவரம்பு 6,000 டாலர்னு வெச்சுக்கோங்க. ஒரு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ்காரன் பேசி வெச்ச விலை 30,000. முதல் 2,000 முழுசா உங்க பாக்கெட்டுலேருந்து. மிச்சம் 28,000ல 20 சதவீதம்னா 5,600, ரெண்டையும் சேத்தா 7,600, ஆனா உச்சவரம்பு 6,000 ஆச்சே, அதனால நீங்க கட்டுறது 6,000ல நின்னுடும், அந்த வருஷம் அதுக்கு மேல பிளான்ல இருக்கற வைத்தியத்துக்கு உங்ககிட்ட வாங்க மாட்டாங்க.

ரெண்டு எடத்துல மாட்டிப்போம். ஒண்ணு, இதெல்லாம் நெட்வொர்க்ல, அதாவது உங்க இன்சூரன்ஸ்காரனோட ஒப்பந்தம் போட்ட பட்டியல்ல, இருக்கற டாக்டருக்கு தான், வெளிய போனா கணக்கே வேற. ரெண்டாவது, பெரும்பாலான பிளான்ல ஜனவரி 1 ஆனா மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பம், அதனால தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் எல்லாத்தையும் டிடக்டிபிள் முடிஞ்ச வருஷமே நவம்பர் டிசம்பர்ல பண்ணிக்கறவங்க நெறைய பேரு.

ஒபாமாகேர்னா கவர்மென்ட் இன்சூரன்ஸ் தானே? அஃபோர்டபிள் கேர் ஆக்ட்னு ஒண்ணு சொல்றாங்களே அது வேறயா?

ரெண்டும் ஒண்ணே தான். 2010 மார்ச் 23 ஒபாமா கையெழுத்து போட்டது, சட்டத்தோட பேரு அஃபோர்டபிள் கேர் ஆக்ட், எதிர்க்கட்சிக்காரங்க கிண்டலா வெச்ச பேரு ஒபாமாகேர், அப்புறம் அவரே அந்த பேர ஏத்துக்கிட்டாரு. ஒண்ண புடிக்கும் இன்னொண்ணு புடிக்காதுனு சொல்றவங்கள நான் நேர்லயே பாத்திருக்கேன்.

சொந்தமா இன்சூரன்ஸ் வாங்கறவங்களுக்கு இந்த சட்டம் ஒரு மார்க்கெட் தெறந்துச்சு, அதுல விக்கறது முழுக்க பிரைவேட் கம்பெனி பிளான் தான். கவர்மென்ட் கட வாசல தெறந்து வெச்சு, விதி போட்டு, வருமானத்த பொறுத்து பிரீமியத்துல ஒரு பங்க மானியமா குடுக்குது. இதே மாதிரி 2006லயே மாசசூசெட்ஸ்ல கொண்டு வந்தவரு மிட் ராம்னி, அவரு ரிப்பப்ளிகன். ஆனா 2010ல இந்த சட்டத்துக்கு ஒரு ரிப்பப்ளிகன் ஓட்டு கூட விழல.

அதுல நிஜமா என்ன தான் மாறுச்சு?

எனக்கு பெருசா படறது, ஏற்கனவே வியாதி இருக்குனு சொல்லி இன்சூரன்ஸ் மறுக்க முடியாது, கூட காசு கேக்கவும் முடியாது. முன்னாடி சொந்தமா இன்சூரன்ஸ் வாங்கப் போனா சக்கரை, கேன்சர் வந்துபோனது எல்லாத்துக்கும் "இல்ல"னு ஒரு லெட்டர் வரும். பிள்ளைங்க 26 வயசு வரைக்கும் அப்பா அம்மா பிளான்லயே இருக்கலாம். வாழ்நாள்ல இவ்ளோ தான் தருவோம்ங்கற உச்சவரம்ப எடுத்தாச்சு, தடுப்பூசி மாதிரி நோய் வராம தடுக்கற விஷயங்களுக்கு காசு வாங்கக்கூடாது. மெடிகெய்டு வறுமைக்கோட்டுல 138 சதவீதம் வரைக்கும் இருக்கவங்களுக்கு விரிஞ்சுது, இது எல்லா மாநிலத்துலயும் இல்ல, கீழ வருது.

2010ல சுமார் 16 சதவீதம் பேருக்கு இன்சூரன்ஸ் இல்ல, 2023ல அது 8 சதவீதம் பக்கம். இத புடிக்காதவங்களும் மறுக்க முடியாத மாற்றம் இது.

அவ்ளோ நல்லதுனா ஏன் இத்தன பேரு திட்டுறாங்க? எல்லாம் அரசியலா?

பாதி அரசியல், பாதி நியாயம். "கெழவங்கள சாகவிட கமிட்டி போடப் போறாங்க"னு 2009ல ரிப்பப்ளிகன் கட்சிக்காரர் சாரா பேலின் கெளப்பிவிட்டது சுத்தப் பொய். கடைசி காலத்துல எந்த மாதிரி வைத்தியம் வேணும்னு டாக்டர்கிட்ட பேசினா அந்த நேரத்துக்கு மெடிகேர் காசு குடுக்கும்னு ஒரு சின்ன விதி இருந்துச்சு, அத தான் இப்படி திரிச்சாங்க.

ஆனா "உங்களுக்கு புடிச்ச பிளான நீங்களே வெச்சுக்கலாம்"னு ஒபாமா மேடைக்கு மேடை சொன்னதும் உண்மையில்ல, 2013ல லட்சக்கணக்கான பேருக்கு அவங்க பிளான் ரத்துனு லெட்டர் போச்சு. அதே வருஷம் அக்டோபர் 1 அந்த மார்க்கெட்டுக்காக தெறந்த வெப்சைட் ஒழுங்கா வேலையே செய்யல. சொந்தமா வாங்கறவங்க பிரீமியம் மத்திய அரசு வெப்சைட் இருந்த மாநிலங்கள்ல 2013லேருந்து 2017க்குள்ள சராசரியா ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. பழைய பிளான்ல பாதி விஷயம் இருக்காது, நோயாளிய சேக்கவும் மாட்டான், அதனால நேரடியா ஒப்பிடக்கூடாதுனு சொல்லுவாங்க, சரி தான், ஆனா வறுமைக்கோட்டுல 400 சதவீதத்துக்கு ஒரு டாலர் மேல சம்பாதிச்சு மானியமே கெடைக்காத சின்ன வியாபாரி முழு பிரீமியத்த கட்டிக்கிட்டு இந்த விளக்கத்த கேட்டா அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

இன்சூரன்ஸ் எடுக்கலனா ஃபைன்னு போட்டாங்களே, அது எந்த ஊரு நியாயம்? இப்பவும் இருக்கா?

வியாதிக்காரங்கள மறுக்கக்கூடாதுனு சொல்லிட்டா, ஒடம்பு நல்லா இருக்கறப்போ சேராம வியாதி வந்தப்புறம் சேரலாம்னு எல்லாரும் வெளிய நிப்பாங்க. ஏலச்சீட்டுல முதல் மாசமே எடுத்துட்டு போறேங்கறவங்க மட்டும் சேந்தா சீட்டு எத்தன நாள் ஓடும்? அதுக்கு தான் ஃபைன். 2012ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு, இது வரி மாதிரி தான், காங்கிரஸுக்கு, அதாவது இந்த ஊரு பார்லிமென்ட்டுக்கு, வரி போட அதிகாரம் இருக்குனு ஏத்துக்கிச்சு. 2017ல டிரம்ப் கொண்டு வந்த வரிச்சட்டத்துல ஃபைன 2019லேருந்து பூஜ்யமாக்கிட்டாங்க. சில மாநிலங்கள் மட்டும் சொந்தமா ஃபைன் வெச்சிருக்கு, கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாதிரி. சீட்டு உடையும்னு பயந்தாங்க, உடையல, மானியம் இருக்கறதால ஜனங்க உள்ளயே இருந்தாங்க.

டிரம்ப் ஒபாமாகேர எடுத்துட்டாருனு சொன்னாங்களே?

எடுக்கல. அதுக்கான மசோதா 2017 ஜூலை 28 விடியறதுக்கு முன்னாடி செனட்ல 49க்கு 51னு தோத்துச்சு. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கினு மூணு ரிப்பப்ளிகன்ஸ் எதிர்த்து ஓட்டு போட்டாங்க. 2021ல கோர்ட்லயும் 7க்கு 2னு தப்பிச்சுது. சட்டம் அப்படியே இருக்கு, சுத்தி சுத்தி பிய்ச்சிட்டு இருக்காங்க.

டெக்சாஸ்ல இருக்க என் ஃப்ரெண்டுக்கு வருமானமே இல்ல, அவனுக்கு மானியம் இல்லங்கறாங்க, அவனவிட நல்லா சம்பாதிக்கறவனுக்கு கெடைக்குது, இது என்ன கூத்து?

கூத்து தான். சட்டம் எழுதினப்போ ஏழைங்க எல்லாரும் மெடிகெய்டுக்கு போயிடுவாங்கனு நெனச்சு, மார்க்கெட் மானியத்த வறுமைக்கோட்டுக்கு மேல இருக்கவங்களுக்கு மட்டும் வெச்சாங்க. மேல சொன்ன அதே 2012 தீர்ப்புல மெடிகெய்டு விரிவாக்கத்துக்கு மாநிலங்கள கட்டாயப்படுத்தக்கூடாதுனு சொல்லிட்டாங்க. 40 மாநிலம் ஏத்துக்கிச்சு, டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா உட்பட 10 மாநிலம் முழுசா ஏத்துக்கல. அங்க மெடிகெய்டு வாங்க தகுதி இல்ல, மானியம் வாங்க வருமானம் பத்தல, நடுவுல மாட்டினவங்க இருக்காங்க. விரிவாக்க செலவுல 90 சதவீதம் மத்திய அரசு தரும், அப்படியும் வேணாங்கறாங்க, நாளைக்கு மத்திய அரசு கைய விரிச்சா மாநிலம் தலைல விழும்ங்கறது அவங்க வாதம்.

எங்க அப்பா அம்மா ஆறு மாசம் வந்து இருக்கப் போறாங்க, ஒபாமாகேர் எடுத்துடலாமா?

டூரிஸ்ட் விசால வந்தா முடியாது, அந்த மாநிலத்துல குடியிருக்கறவங்களுக்கு தான் அது. விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்கணும், வாங்கறப்போ ஏற்கனவே இருக்கற வியாதிக்கு என்ன எழுதியிருக்கான்னு படிச்சுட்டு வாங்குங்க, பெரும்பாலும் திடீர்னு முத்தினா மட்டும் ஒரு அளவு வரைக்கும்னு போட்டிருப்பான். கிரீன் கார்டுல வர்றவங்க மார்க்கெட்ல வாங்கலாம். 65 ஆனவங்க தொடர்ந்து 5 வருஷம் இங்க இருந்தப்புறம் பிரீமியம் கட்டி மெடிகேர்ல சேரலாம், இங்க வேல பாத்த வருஷம் இல்லனா பிரீமியம் கொஞ்சம் பலமா தான் இருக்கும்.

நெஞ்சு வலினு போனா இன்சூரன்ஸ் கார்டு இல்லனா தொரத்திடுவாங்களா?

மாட்டாங்க. 1986லேருந்து சட்டம் இருக்கு, மெடிகேர் காசு வாங்கற எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சியும் உங்கள பரிசோதிச்சு நிலைப்படுத்தியே ஆகணும், காசு அப்புறம். ஆனா பில்லு வரும், ஃப்ரீ இல்ல. 2022லேருந்து இன்னொரு நல்ல சட்டம், எமர்ஜென்சில நெட்வொர்க்ல இல்லாத டாக்டர் பாத்தாலும் நெட்வொர்க் கணக்குல தான் உங்ககிட்ட வாங்க முடியும். ஹெலிகாப்டர் வரைக்கும் அதுல சேத்துட்டு ரோட்டுல போற ஆம்புலன்ஸ விட்டுட்டாங்க, அது ஏன்னு கேட்டா சிரிப்பு தான் வருது.

பில்லு வந்த ஒடனே கட்டாதீங்க. ஐட்டம் ஐட்டமா பிரிச்சு கேளுங்க. லாபநோக்கு இல்லாத ஆஸ்பத்திரியா இருந்தா வருமானம் கம்மியா இருக்கவங்களுக்கு தள்ளுபடி தர்ற எழுத்துப்பூர்வமான கொள்கை இருக்கணும்னு சட்டமே சொல்லுது, ஆனா பல எடத்துல நாம வாய தெறந்து கேட்டா தான் குடுப்பாங்க.

சரி விஷயத்துக்கு வாங்க, ஏன் இவ்ளோ செலவு? ஜனங்க ஓயாம ஆஸ்பத்திரிக்கு போறாங்களா?

இல்ல. 2023ல இந்த நாடு வைத்தியத்துக்கு செலவு பண்ணது 4.9 லட்சம் கோடி டாலர், நாட்டு உற்பத்தில 17.6 சதவீதம். ஜெர்மனி, கனடா எல்லாம் 12 சதவீதத்துக்குப் பக்கம். ஆனா ஆளுக்கு எத்தன தடவ டாக்டர பாக்குறாங்க, எத்தன நாள் படுக்கைல இருக்காங்கனு பாத்தா அமெரிக்கா மத்த பணக்கார நாடுங்கள விட கம்மி. வைத்தியம் கம்மி, செலவு ஜாஸ்தின்னா நடுவுல இருக்கறது விலை.

மெடிகேர் கவர்மென்ட் நிர்ணயிச்ச விலைய தான் ஆஸ்பத்திரிக்கு குடுக்கும். அதே சிகிச்சைக்கு பிரைவேட் இன்சூரன்ஸ் 2022ல சராசரியா மெடிகேர் விலைல 254 சதவீதம் குடுத்துச்சுனு ராண்ட் நிறுவனத்தோட ஆய்வு சொல்லுது. மெடிகேர் குடுக்கறது பத்தல, அதனால தான் பிரைவேட்ல ஈடு பண்றோம்ங்கறாங்க ஆஸ்பத்திரிக்காரங்க, அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனா ஊர்ல ரெண்டு மூணு ஆஸ்பத்திரி ஒண்ணா சேந்து ஒரே கம்பெனி ஆயிட்டா விலை ஏறுதுனு ஆய்வு மேல ஆய்வு சொல்லுது. இன்சூரன்ஸ்காரன் அவங்கள நெட்வொர்க்லேருந்து கழட்டிவிட முடியாது, கேட்டத குடுக்கணும். தெரு முனை டாக்டர் கிளினிக்க ஆஸ்பத்திரி வாங்கிடும், அதே டாக்டர், அதே ரூம், ஆனா பில்லுல "கட்டட வசதி கட்டணம்"னு புதுசா ஒண்ணு மொளச்சிருக்கும்.

இதோட பேப்பர் வேல செலவு. நூத்துக்கணக்கான பிளான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதி, ஒரு ஃபாரம், அத அனுப்ப ஆஸ்பத்திரில ஒரு கூட்டம், அத மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனில இன்னொரு கூட்டம்.

கேஸ் போடுவாங்கனு பயந்து தேவையில்லாத டெஸ்ட் எழுதுறாங்க, அதான் காரணம்னு ஒரு டாக்டர் சொன்னாரே?

கொஞ்சம் இருக்கு, ஆனா பெரிய பங்கு இல்ல. டெக்சாஸ்ல 2003லயே வலி, மன வேதனைக்கு டாக்டர்கிட்ட கேக்கற நஷ்டஈட்டுக்கு 2,50,000 டாலர்னு வரம்பு போட்டாங்க. கேஸு கொறஞ்சுது, வைத்தியச் செலவு கொறயல.

இன்சூரன்ஸ் கம்பெனி தான் கொள்ளைக்காரன், அவன ஒழிச்சா சரியாயிடும்ல?

கோவம் புரியுது, முன் அனுமதி வாங்கு, அந்த ஃபாரம் குடுனு அலையவிடறது கொடும. ஆனா ஒபாமாகேர் சட்டப்படி வசூலிக்கற பிரீமியத்துல 80, பெரிய குழுவுக்கு 85 சதவீதம் வைத்தியத்துக்கு செலவு பண்ணியே ஆகணும், மிச்சத்த திருப்பித் தரணும். நல்ல விதி மாதிரி தெரியும். அதுல ஒரு ஓட்ட இருக்கு. லாபம் சதவீதக் கணக்குல இருந்தா மொத்தச் செலவு ஏறினா அவனுக்கும் சந்தோஷம் தான். அதுக்கும் மேல, யுனைட்டட்ஹெல்த்துக்கு ஆப்டம்னு சொந்தமா டாக்டர் குழு, மருந்து நிர்வாகக் கம்பெனி எல்லாம் இருக்கு, சிவிஎஸ் கிட்ட ஏட்னா இன்சூரன்ஸும் இருக்கு மருந்துக்கடையும் இருக்கு. தன் கம்பெனிக்கே காசு குடுத்தாலும் அது "வைத்தியச் செலவு" கணக்குல ஏறிடும்.

அதே மருந்து வெளிநாட்டுல சல்லிசா கெடைக்குதே, கவர்மென்ட் பேரம் பேசாதா?

2003ல மெடிகேர்ல மருந்து சேத்தப்போ கவர்மென்ட் பேரம் பேசவே கூடாதுனு சட்டத்துலயே எழுதிட்டாங்க. நம்ப முடியல இல்ல? 2022ல பைடன் கொண்டு வந்த சட்டம் தான் அத மாத்துச்சு. முதல் 10 மருந்துக்கு பேசி முடிச்ச விலை 2026 ஜனவரிலேருந்து. மெடிகேர்ல இன்சுலின் மாசத்துக்கு 35 டாலருக்கு மேல வாங்கக்கூடாதுனும் அதே சட்டம் தான். கம்பெனி இன்சூரன்ஸ்ல இருக்கவங்களுக்கு இந்த பேரம் எதுவும் பொருந்தாது.

கனடா, பிரிட்டன் மாதிரி பண்ணிட்டா முடிஞ்சுது, இதுக்கு ஏன் இவ்ளோ யோசன?

அந்த ரெண்டுமே ஒண்ணு இல்ல. பிரிட்டன்ல 1948லேருந்து ஆஸ்பத்திரி பெரும்பாலும் அரசோடது. கனடால டாக்டர்ங்க பெரும்பாலும் தனியார், பில்ல மட்டும் மாகாண அரசு கட்டும், 1962ல சஸ்காட்சுவான்ல ஆரம்பிச்சப்போ டாக்டர்ங்க ஸ்ட்ரைக்கே பண்ணாங்க. ஜெர்மனில நெறைய இன்சூரன்ஸ் நிதிகள் இருக்கு. சுவிட்சர்லாந்துல எல்லாமே தனியார் இன்சூரன்ஸ், ஆனா கட்டாயம். பொதுவா ஒண்ணு இருக்கு, எல்லா எடத்துலயும் விலைய ஏதோ ஒரு வகைல ஒண்ணா உக்காந்து முடிவு பண்றாங்க. கனடால முட்டி ஆபரேஷனுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும்ங்கறதும் உண்மை தான், மறைக்க வேண்டியதில்ல.

இங்கயும் வெர்மான்ட் மாநிலம், எல்லாருக்கும் ஒரே அரசு இன்சூரன்ஸ் கொண்டு வர 2011ல சட்டமே போட்டாங்க. 2014 டிசம்பர்ல கவர்னரே கைவிட்டாரு, சம்பளப் பட்டியல்ல 11.5 சதவீதம் புது வரி வேணும்னு கணக்கு வந்துச்சு. பிரீமியம் மிச்சமாகுமேனு சொன்னா எடுபடல, மேல சொன்ன மாதிரி அந்த பிரீமியம் கண்ணுல படல, வரி படும்.

2025ல கவர்மென்ட்டயே மூடினாங்களே, அதுவும் இதுக்கு தானா?

ஆமா. கொரோனா சமயத்துல, 2021ல, அந்த 400 சதவீத கோட்ட எடுத்துட்டு வருமானத்துல 8.5 சதவீதத்துக்கு மேல நடுத்தர பிளானுக்கு கட்ட வேணாம்னு மானியத்த ஏத்தினாங்க. அது 2025 முடியறப்போ முடியற மாதிரி எழுதியிருந்துச்சு. நீட்டிக்கணும்னு டெமாக்ரட்ஸ், முடியாதுனு ரிப்பப்ளிகன்ஸ், செலவு மசோதா நிறைவேறாம அக்டோபர் 1லேருந்து 43 நாள் மூடிக் கெடந்துச்சு, திரும்ப தெறக்க போட்ட சட்டத்துல மானிய நீட்டிப்பு இல்ல. அதே வருஷம் ஜூலைல வந்த பெரிய சட்டத்துல விரிவாக்க மெடிகெய்டுல இருக்கற பலர் மாசம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ பண்ணணும்னு விதி போட்டாங்க, 2027லேருந்து. இதுல ரெண்டு பக்கமும் பேசினது மானியம், தகுதி, யார் கட்டுறது. அந்த 254 சதவீதத்த பத்தி யாரும் வாய தெறக்கல.

விலை தான் பிரச்சனைனு உங்களுக்கே தெரியுதுனா வாஷிங்டன்ல இருக்கவங்களுக்கு தெரியாதா? ஏன் கை வெக்க மாட்டேங்கறாங்க?

நல்லாவே தெரியும். ஒருத்தரோட செலவு இன்னொருத்தரோட வருமானம். பல ஊர்ல பெரிய முதலாளியே ஆஸ்பத்திரி தான், நர்ஸ், கிளார்க், சமையல்னு ஆயிரக்கணக்குல வேல, அந்த ஊர் எம்பி எந்த கட்சியா இருந்தாலும் ஆஸ்பத்திரி வருமானத்துல கை வெக்க யோசிப்பாரு. மானியம் குடுத்தா வாங்கறவனும் சந்தோஷம், இன்சூரன்ஸ்காரனும் சந்தோஷம், ஆஸ்பத்திரியும் சந்தோஷம். விலைய கொறச்சா கொறஞ்சவன் மட்டும் கத்துவான், மிச்சமானது நமக்கு தெரியக்கூட தெரியாது.

பண்ணவே முடியாதுனு இல்ல. மேரிலாண்ட்ல 1970கள்லேருந்து ஒரு கமிஷன் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் விலைய நிர்ணயிக்குது, மெடிகேரா இருந்தாலும் பிரைவேட்டா இருந்தாலும் ஏறக்குறைய ஒரே விலை, 2014லேருந்து ஆஸ்பத்திரிக்கு வருஷ பட்ஜெட்டும் முன்கூட்டியே. நியூ யார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ்லயும் ஒரு காலத்துல இந்த மாதிரி விலை நிர்ணயம் இருந்துச்சு. போட்டி வந்தா விலை தானா கொறயும்னு சொல்லி 1990கள்ல எடுத்துட்டாங்க.